ஹப் வெளியே வரும் நாள்

1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் மாஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 மியாட்டா, ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். எளிய அமைப்பும் சுலபமாகக் கிடைக்கும் உதிரிப் பாகங்களும் சேர்ந்து அதை அமெரிக்காவின் வார இறுதிப் பந்தயத் தடங்களுக்குப் பிரியமான வண்டியாக்கின. ‘ஸ்பெக் மியாட்டா’ என்று அதற்கெனத் தனிப் பந்தய வகுப்பே நடக்கிறது. முதல் தலைமுறை மியாட்டாவின் ஒவ்வொரு சக்கரத்தையும் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு ஸ்டட்களும் அவற்றின் மேல் இறுக்கப்படும் நான்கு நட்டுகளும்தான் பிடித்திருக்கின்றன. தடத்தில் ஓட்டுபவர்கள் சீக்கிரமே செய்கிற மாற்றங்களில் ஒன்று, இந்த ஸ்டட்களை எடுத்துவிட்டு நீளமான, வலிமை கூடிய எஃகில் செய்தவற்றைப் போடுவது. பழையதைச் சுத்தியலால் தட்டி வெளியே தள்ளிவிட்டு, புதியதை நட்டு வைத்து இழுத்து உட்கார வைத்தால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் இதைப் பார்க்கிறார்கள். அப்படித் தனி வேலையாகச் செய்வது பெரும்பாலும் வீண் என்பதும், சக்கரம் பொருந்தும் ஹப்பையும் அது சுழலும் பேரிங்கையும் பிரேக் டிஸ்க்கையும் தொடுகிற வேலையோடு சேர்த்துச் செய்யும்போதுதான் கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்கும் என்பதும் என் வாதம். ஒரு சக்கரம் ஹப்பின் மேல் எப்படி நிற்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்கான காரணம் விளங்கும்.

சக்கரம் ஸ்டட்களின் மேல் தொங்குகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில், சரியாக இறுக்கிய சக்கரத்தில் ஸ்டட்டின் பக்கவாட்டில் ஏறக்குறைய எந்தச் சுமையும் விழுவதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ரப்பர் போல, மிகக் கொஞ்சமாக நீள்கிறது. நீண்டது சுருங்க முயலும்போது சக்கரத்தையும் டிஸ்க்கையும் ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் பிறக்கும் உராய்வுதான் சக்கரத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறது. இதை ‘பிடிப்பு விசை’ என்று சொல்லலாம். மியாட்டாவின் நட்டை உலர்ந்த மரையில் 110 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், ஒரு ஸ்டட் தரும் பிடிப்பு விசை சுமார் 45 கிலோ நியூட்டன். நான்கரை டன் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். நான்கு ஸ்டட்களும் சேர்ந்து 180 கிலோ நியூட்டன். உராய்வுக் கெழு 0.15 என்றும், ஸ்டட்கள் அமைந்த வட்டத்தின் ஆரம் 50 மில்லிமீட்டர் என்றும் வைத்தால், சக்கரம் ஹப்பின் மேல் வழுக்காமல் தாங்கக்கூடிய முறுக்கு ஏறக்குறைய 1,350 நியூட்டன் மீட்டர் என்று வருகிறது. மறுபக்கம், ஓட்டுநரோடு 1,050 கிலோ எடையுள்ள கார் நல்ல டயரில் முழு பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் வருகிற முறுக்கு 1,000 நியூட்டன் மீட்டரை எட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி பெரிதல்ல. பிடிப்பு விசையில் மூன்றில் ஒரு பங்கு போனாலே சக்கரம் வழுக்கத் தொடங்கிவிடும்.

வழுக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனையில் காட்டினார். அதுவரை, நட்டுகள் கழன்று போவதற்கு ஸ்டட்டின் நீளவாக்கில் வருகிற அதிர்வே காரணம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. இணைந்த இரண்டு பரப்புகளும் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் நட்டு வேகமாகக் கழலும் என்று யுங்கர் நிறுவினார். பக்கவாட்டு வழுக்கல் வரும்போது மரையில் உள்ள உராய்வு அந்தக் கணத்துக்கு அற்றுப்போய், மரையின் சாய்வே நட்டைத் தானாகத் திருப்பிவிடுகிறது. ஆகவே பிடிப்பு விசை குறைந்தால் வழுக்கல் வரும், வழுக்கல் வந்தால் பிடிப்பு இன்னும் குறையும். இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கிவிட்டால் ஸ்டட் எவ்வளவு உயர்ந்த எஃகாக இருந்தாலும் அதை நிறுத்தாது. ஒரு சக்கரத்துக்கு ஒரே ஒரு பெரிய நட்டு வைத்த ஃபார்முலா 1 காரிலும் இறுக்கம்தான் எல்லாம்: 1987 ஹங்கேரி கிராண்ட் பிரியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த நைஜல் மான்செல், பந்தயம் முடிய ஆறு சுற்றுகளே இருந்தபோது பின்சக்கர நட்டு கழன்று வெளியேறினார்.

வலிமை கூடிய ஸ்டட் போட்டால் முறியாது அல்லவா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. சாலையில் ஸ்டட்கள் ஒரே இழுப்பில் அறுவது அபூர்வம். அவை உலோகச் சோர்வால்தான் முறிகின்றன: சிறு சுமை லட்சக்கணக்கான முறை வந்து போய், மரையின் அடியில் நுண்ணிய விரிசலைத் திறந்து, அதை வளர்த்து, கடைசியில் மீதிப் பகுதி தாங்காமல் அறுகிறது. மியாட்டாவின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 550 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியும் ஒரு சுமைச் சுற்று. போல்ட் இணைப்புக் கணக்குகளுக்கு உலகெங்கும் பயன்படும் ஜெர்மானிய வழிகாட்டி விடிஐ 2230. வெப்பப் பதப்படுத்தலுக்கு முன் மரை உருட்டப்பட்ட போல்ட்டின் சோர்வு எல்லையை அது போல்ட்டின் விட்டத்தை மட்டும் வைத்தே கணக்கிடுகிறது. எஃகின் வலிமைத் தரம் அந்தச் சூத்திரத்துக்குள் வருவதே இல்லை. 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வருகிற விடை ஏறக்குறைய கூட்டல் கழித்தல் 49 மெகாபாஸ்கல். 8.8 தரமோ 10.9 தரமோ, அந்த எல்லை ஒன்றுதான். மரையின் கூர்மையான பள்ளத்தில் தகைவு குவிவதாலும், நட்டின் முதல் மரையே மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கைச் சுமப்பதாலும், அடிப்படை எஃகின் வலிமை அங்கே உதவிக்கு வருவதில்லை. பதப்படுத்திய பிறகு மரையை உருட்டிச் செய்யும் நல்ல பந்தய ஸ்டட்கள் இந்த எல்லையை உயர்த்துகின்றன, அது உண்மையான ஆதாயம். ஆனால் வலிமை எண் பெரிதாக இருப்பது மட்டுமே சோர்வுக்கு மருந்தாகாது.

மருந்து பிடிப்பு விசையில் இருக்கிறது. திருப்பத்தில் வெளிப்புற முன்சக்கரத்தின் மேல் விழும் பக்கவிசை, சக்கரத்தை ஹப்பிலிருந்து பிரித்தெடுக்கப் பார்க்கிறது. மேலே சொன்ன எடையுள்ள காரில் ஒரு ஸ்டட்டின் மேல் அது 10 கிலோ நியூட்டன் அளவுக்கு வந்து, அரைச் சுற்றுக்குப் பின் எதிர்த்திசைக்கு மாறுகிறது. இணைப்பு இறுக்கமாக இருந்தால், அழுத்தப்பட்டுக் கிடக்கிற சக்கரமும் ஹப்பும் இந்த மாற்றத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன. ஸ்டட்டுக்கு வருவது ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் கூட்டல் கழித்தல் 23 மெகாபாஸ்கல், எல்லைக்கு வெகு கீழே. இணைப்பு தளர்ந்து பரப்புகள் பிரியத் தொடங்கினால் சுமை முழுவதும் ஸ்டட்டின் தலையில் விழுகிறது, அதோடு வளைவும் சேர்கிறது, 49 என்ற எல்லை எளிதில் மீறப்படுகிறது. அதே ஸ்டட்தான், அதே எஃகுதான். ஒரு நிலையில் காரின் ஆயுள் முழுக்க உழைக்கும். மறு நிலையில் சில நாள் தட ஓட்டத்திலேயே முறியலாம்.

பிடிப்பு விசையை எது தின்கிறது என்று பார்த்தால், ஸ்டட் வேலையை ஏன் தனியாகச் செய்யக் கூடாது என்பது புரியும். சுமார் 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுபடுகிற இந்த ஸ்டட், முழு இறுக்கத்தில் நீள்வது 0.06 மில்லிமீட்டர்தான். சக்கரமும் டிஸ்க்கும் நசுங்குவதைச் சேர்த்தாலும் மொத்தம் 0.08 மில்லிமீட்டர் அளவே வரும். காகிதத் தாளின் தடிமன் இது. இத்தனை சின்ன நீட்சியை நம்பித்தான் கார் ஓடுகிறது. டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே ஒட்டியிருக்கிற துரு, சக்கரத்தின் உட்புறம் பூசிய பவுடர் கோட்டிங், ஹப்பின் முகத்தில் ஸ்டட்டைச் சுற்றி எழும்பிய சிறு பிசிறு ஆகியவை ஓட்ட ஓட்ட நசுங்கி 0.02 மில்லிமீட்டர் இறங்கினால், பிடிப்பு விசையில் கால் பங்கு போய்விடும். எந்த நட்டும் திரும்பாமலேயே அந்த இழப்பு நடக்கிறது. புதிய ஸ்டட்டைத் துருப்பிடித்த ஹப்பில் போடுகிறவர் புதிய எஃகுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பிடிப்பை வைத்திருக்க வேண்டிய பரப்பைப் பழையபடி விட்டுவிடுகிறார். ஸ்டட்கள் நின்றுகொண்டிருக்கும்போது அவற்றின் அடியைச் சுற்றி ஹப்பின் முகத்தைச் சுத்தம் செய்வதும் கடினம். ஸ்டட்கள் வெளியே வந்தால்தான் முகம் முழுவதையும் சமமாகத் தேய்த்து, நேர்விளிம்பு வைத்துப் பார்க்க முடியும். அது டிஸ்க்குக்கும் பயன்படும் வேலை. 60 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒட்டியிருக்கிற 0.05 மில்லிமீட்டர் துருத்துகள், டிஸ்க்கின் வெளி விளிம்பில் இரட்டிப்பு ஆட்டமாகத் தெரியும். டிஸ்க்கின் ஆட்டத்துக்கு அனுமதிக்கப்படும் அளவே பொதுவாக 0.1 மில்லிமீட்டர்தான். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால் ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று டிஸ்க்கை மாற்றுகிறார்கள். ஹப்பின் முகத்தைப் பார்க்காமல் மாற்றினால், புதிய டிஸ்க்கும் அதே ஆட்டத்தோடுதான் சுழலும்.

அடுத்தது பேரிங். ஸ்டட் ஹப்பில் பல் வெட்டிய கழுத்தால் இறுக்கமாக அமர்ந்திருக்கிறது. அதைக் காரிலேயே வைத்துச் சுத்தியலால் அடித்து வெளியேற்றும்போது, ஒவ்வொரு அடியும் ஹப்பின் வழியாகப் பேரிங்கின் குண்டுகளுக்கும் அவை ஓடும் தடத்துக்கும் போகிறது. ஓடாமல் நிற்கும் பேரிங் தாங்கக்கூடிய சுமையை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 76 தரம், குண்டுக்கும் தடத்துக்கும் நடுவே 4,200 மெகாபாஸ்கல் அழுத்தத்தை எல்லையாக வைக்கிறது. அந்த அளவில் ஏற்படும் நிரந்தரப் பள்ளம் குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 12 மில்லிமீட்டர் குண்டுக்கு ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டும். நின்ற நிலையில் விழும் சுத்தியல் அடி, ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கிற குண்டுகளின் வழியாகவே போவதால், தடத்தில் குண்டுகளின் இடைவெளிக்கு ஏற்பக் குழிகள் விழலாம். அவை அன்றைக்குத் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஒரு முனகலாக வெளிப்படும்போது, ஸ்டட் வேலையோடு அதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பிடியுள்ள டயர்களோடு தடத்தில் ஓடும் மியாட்டாவில் முன் ஹப்புகள் ஏற்கெனவே தேய்மானப் பொருள்கள்தான். பந்தயக்காரர்கள் அவற்றை அவ்வப்போது மாற்றுகிறார்கள். அப்படி மாற்றப்போகிற ஹப்பில், காருக்குள் போகும் முன்பே, மேசையில் வைத்துப் புதிய ஸ்டட்களைப் பிரஸ்ஸால் அமர்த்துவதுதான் முறை.

பின்பக்கம் இந்த வாதம் இன்னும் கறாரானது. முதல் தலைமுறை மியாட்டாவின் முன் ஹப், பேரிங்கோடு ஒரே தொகுதி. காலிப்பரையும் டிஸ்க்கையும் எடுத்து, நடுவில் உள்ள பெரிய நட்டைக் கழற்றினால் முழுதாக வெளியே வந்துவிடும். அந்த நட்டின் விளிம்பை அச்சின் பள்ளத்தில் தட்டி மடக்கிப் பூட்டியிருப்பார்கள், திரும்பப் போடும்போது புதியது வேண்டும். பின் ஹப்போ பேரிங்கின் உள்வளையத்துக்குள் அழுத்திச் செருகப்பட்டது. அதை இழுத்தெடுத்தால் உள்வளையம் பெரும்பாலும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், இழுத்த விசை முழுவதும் குண்டுகளின் வழியாகப் போயிருக்கும். அந்த பேரிங்கை மறுபடி பயன்படுத்தக் கூடாது. நீளமான ஸ்டட்டை ஹப் இருக்கிற இடத்திலேயே உள்ளே நுழைக்க, பின்னால் இருக்கிற தூசுத் தகடும் மற்ற பாகங்களும் வழிவிடுவதில்லை. ஹப்பின் விளிம்பைக் கொஞ்சம் அராவி இடம் செய்கிறவர்கள் உண்டு. நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் சுழலும், சோர்வுச் சுமை தாங்கும் ஒரு பாகத்தில் வெட்டுவாய் உண்டாக்குவதை நான் ஏற்க மாட்டேன். பின் ஸ்டட் மாற்றம் என்றால் பின் பேரிங் மாற்றம்தான் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. பேரிங்குக்காக அதன் கூட்டைக் கழற்றும்போது சஸ்பென்ஷனின் கீழ்க் கையைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டும் வெளியே வர வேண்டும், பழைய வண்டிகளில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். ஆகவே அங்குள்ள ரப்பர் புஷ்களையும் பிரேக் ஹோஸையும் அன்றே பார்த்துவிடலாம்.

‘நட்டு வைத்து இழுத்தாலே உட்கார்ந்துவிடுகிறதே, பிரஸ் எதற்கு’ என்பது அடிக்கடி வருகிற கேள்வி. உட்கார்ந்துவிடும் என்பது மெய். ஆனால் ஒரு ஸ்டட்டைப் பல்வெட்டின் எதிர்ப்பை மீறி இழுப்பதற்குத் தேவைப்படும் முறுக்கு, சக்கரத்துக்குச் சொல்லப்பட்ட அளவைத் தாண்டிப் போகலாம். அந்த இழுப்பு முழுவதும் மரையின் மேல் உரசிக்கொண்டே நடக்கிறது. மரை முகம் சிராய்ந்தால் உராய்வு மாறிவிடும். நட்டைத் திருப்பும் உழைப்பில் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டப் போகிறது. மிச்சமெல்லாம் நட்டின் முகத்திலும் மரையிலும் உராய்வாகக் கரைகிறது. உராய்வு கொஞ்சம் ஏறினாலும் டார்க் ரெஞ்ச் அதே எண்ணில் ‘கிளிக்’ சொல்லும், பிடிப்பு விசை மட்டும் குறைந்திருக்கும். எதிர்த்திசையிலும் இதே ஆபத்து இருக்கிறது: மரையில் எண்ணெய் தடவி அதே 110 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் பிடிப்பு 65 கிலோ நியூட்டனை எட்டக்கூடும். 10.9 தர ஸ்டட் 73 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும், 8.8 தரம் 51-இலேயே நின்றுவிடும். வலிமை கூடிய ஸ்டட்டின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான்: ஒவ்வொரு தட நாளும் கழற்றி மாட்டப்படும் சக்கரத்தில், தவறான கையாளலுக்குக் கூடுதல் இடம் கொடுக்கிறது. அதற்காக எண்ணைத் துரத்தக் கூடாது. மிகக் கடினமாக்கிய எஃகின் மேல் மின்முலாம் பூசும்போது உள்ளே நுழையும் ஹைட்ரஜன், பிற்பாடு எச்சரிக்கையே இல்லாமல் அதை உடைக்கும். எந்த எஃகு, எந்தப் பூச்சு, பல்வெட்டின் விட்டம் எவ்வளவு என்று சொல்லாத மலிவு ஸ்டட்களை வாங்கவே கூடாது. பல்வெட்டு ஹப்பின் துளையைவிடத் துளி சிறிதாக இருந்தாலும் ஸ்டட் நட்டோடு சேர்ந்து சுற்றும், அப்புறம் சக்கரத்தைக் கழற்றவே முடியாது.

சேர்த்துச் செய்வதற்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஒரே நாளில் ஐந்து பாகங்களை மாற்றிவிட்டு ஓட்டும்போது ஒரு சத்தம் கேட்டால், எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்று என்று சொல்வது இதனால்தான். இயக்கத்தின் தன்மையையே மாற்றுகிற வேலைகளுக்கு அந்த விதி முழுக்கப் பொருந்தும். புதிய பிரேக் பேட் கலவை, ஸ்பிரிங், டேம்பர், ஸ்பேசர் ஆகிய எதையும் ஸ்டட் மாற்றுகிற நாளில் தொடக் கூடாது என்பேன். நீளமான ஸ்டட் போடுகிற பலர் அன்றே ஸ்பேசரையும் போடுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: சக்கரத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் இணைப்பில் இன்னும் இரண்டு பரப்புகளைச் சேர்க்கிறது, பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசையைக் கூட்டுகிறது. ஹப், ஸ்டட், டிஸ்க் மூன்றும் வேறு கதை. அவை ஒரே அடுக்காக இறுக்கப்பட்டு நிற்கின்றன. எதைத் தொட்டாலும் அந்த இறுக்கத்தைக் கலைத்தே ஆக வேண்டும். தனித்தனியாகச் செய்தாலும் ஒவ்வொரு முறையும் முழு இணைப்பும் கலைந்து புதிதாக அமர்கிறது. மூன்று முறை கலைப்பதைவிட ஒருமுறை கலைத்து, டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தை அளந்து எழுதி வைத்தால், பின்னால் பழுது தேடுவது எளிதாகிறதே தவிரச் சிக்கலாவதில்லை.

செலவு பற்றிய மறுப்புக்கும் பதில் இருக்கிறது. ஸ்டட் வேண்டும் என்பதற்காக நல்ல பேரிங்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முன் ஹப் புதிதாக இருந்தால், கழற்றி, பிரஸ்ஸில் ஸ்டட் மாற்றி, புதிய நட்டோடு அதையே திரும்ப மாட்டலாம். பிரஸ் செய்யும்போது பேரிங்கின் வழியாக விசை போகாதபடி ஹப்பின் விளிம்பை, அந்த ஸ்டட்டுக்கு நேர் அடியில் தாங்கிப் பிடித்தால் போதும். பின்பக்கம் பேரிங் நலமாக இருந்தால், அதன் முறை வரும்வரை பழைய ஸ்டட்களிலேயே சரியான இறுக்கத்தோடு ஓட்டலாம். காத்திருக்கக் கூடாத நிலை ஒன்றே ஒன்று: ஒரு ஸ்டட் முறிந்திருந்தால், அல்லது மரை இழுபட்டு நட்டு கையால் சுலபமாகத் திரும்பாவிட்டால். அப்போது அந்தச் சக்கரத்தின் நான்கையும் மாற்ற வேண்டும். ஒன்று வேலை செய்யாமல் போன நேரம் முழுவதும் அதன் சுமையைப் பக்கத்திலிருந்தவைதான் சுமந்திருக்கின்றன. அவற்றுக்குள் விரிசல் எந்த அளவில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

வேலை முடிந்த பிறகு முதல் சில நாள்கள் முக்கியமானவை. நட்டுகளை உலர்ந்த மரையில், எதிரெதிர் வரிசையில், இரண்டு மூன்று படிகளில் இறுக்க வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கியால் முடித்துவிடக் கூடாது. புதிதாகத் தேய்த்த பரப்புகளும் புதிய பல்வெட்டும் படிந்து அமர்வதால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். அதைச் சக்கரம் ஆறிய பிறகே செய்ய வேண்டும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், தடத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்த அலாய் வீலின் நட்டைச் சூட்டோடு இறுக்கினால், ஆறும்போது சக்கரம் சுருங்கிப் பிடிப்பில் ஒரு பகுதி போய்விடும். தடத்தில் தொடர்ந்து ஓட்டுகிறவர்கள் ஸ்டட்டையும் பேரிங் போலவே காலவரையறை உள்ள பாகமாக எண்ணி, புதிய ஹப் வாங்கும்போதெல்லாம் புதிய ஸ்டட்களையும் சேர்த்தே வாங்கி வைக்கலாம். மாட்டிய தேதியையும், அன்று அளந்த டிஸ்க் ஆட்டத்தையும், மறுபடி இறுக்கியபோது எந்த நட்டு எவ்வளவு திரும்பியது என்பதையும் வண்டியின் பதிவேட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை ஹப் எப்போது வெளியே வர வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்தே முடிவு செய்யலாம்.